வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்

ஜெர்மனியில் மதியச் சாப்பாட்டு நேரம். கைப்பேசி ‘டிங்’ என்றது. திறந்தால் ஓர் ஆடு என் முகத்தை முகர்ந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் வீட்டு வாசலில், போன விடுமுறையில் நான் மாட்டிவிட்டு வந்த வீடியோ காலிங்பெல் அது. பக்கத்தில் படர்ந்த மல்லிகைக்கொடிக்காக ஆடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றியிருந்தது. உடன் வேலை பார்க்கும் யூர்கன் எட்டிப் பார்த்து, “உங்கள் ஆடா?” என்றார். இல்லை, தெருவில் யாருடையதோ என்றேன். “பிறகு ஏன் உங்கள் வீட்டுக்கு வருகிறது?” கதவு திறந்திருக்கிறது, வருகிறது என்றேன். யூர்கன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இந்த ஊரில் சொந்தத் தம்பி வீட்டுக்குப் போவதென்றாலும் ‘டெர்மின்’ வேண்டும். நாளும் நேரமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆடு அதெல்லாம் வாங்கியிருக்கவில்லை.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற டீச்சர். பூட்டுக்குப் பேர்போன ஊரில், காலை ஆறு மணிக்குத் திறக்கும் கதவை விளக்கு வைக்கும் வரை சாத்தாதவர். நானோ, கரப்பான்பூச்சிக்குக்கூட இரண்டடி தள்ளி நின்று வழிவிடும் வீரன். என் பயத்தை அம்மாவின் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். துளை போடப்போய் பாதிச் சுண்ணாம்பைப் பெயர்த்தபோது அம்மா கேட்டார்: “ஏன் அப்பு, மணியடிச்சு உள்ள வாறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?”

எங்கள் தெருவில் யாரும் மணியடிப்பதில்லை. ஆள் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் “டீச்சரக்கா!” என்ற குரல் வாசலில் கேட்கும். அந்தக் கருவிக்கோ நிழல் அசைந்தாலும் போதும். ஒவ்வொரு ‘டிங்’குக்கும் நான் கூட்டத்திலிருந்து எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று அலுவலகமே முடிவு கட்டியது. ஒருநாள் முக்காடு போட்ட உருவம் ஒன்று, துணிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு படியேறியது. திருடன்தான்! பேசும் பொத்தானை அழுத்தி, இல்லாத கம்பீரத்தையெல்லாம் திரட்டி, “யாரது? நில்லு அங்கயே!” என்று கத்தினேன்.

பாத்திரம் விழுந்து உருண்டது. பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா.

“யா அல்லா! யாருப்பா அது, செவுத்துக்குள்ள?”

“நாந்தான்க்கா, ஜெர்மனில இருந்து.”

“அங்கன இருந்துக்கிட்டு என்னத்துக்குடா தம்பி இம்புட்டுச் சத்தம்? ஒங்கம்மாவுக்குக் கொண்டாந்த கறிக்கொழம்பு பூராம் போச்சே!”

ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். யூர்கன் மட்டும் சிரிக்கவில்லை. “அந்தம்மாவிடம் கேட்டீர்களா?” என்றார். கேட்கவே வேண்டாம், அவராகவே கொண்டுவருவார் என்றேன் பெருமையாக. அவர் கேட்டது குழம்பைப் பற்றி அல்ல. படம் பிடிப்பதற்கு அந்த அம்மாவின் சம்மதத்தைப் பற்றி. அது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது.

‘டிங்’ குறைந்துகொண்டே வந்தது. பாதுகாப்பு பலப்பட்டுவிட்டதாக நான் மீசையை முறுக்கினேன். அப்புறம் ஒருநாள், இங்கே மதியமாகும் வரை ஒரு சத்தமும் இல்லை. ஆடுகூட வரவில்லை. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. விமான டிக்கெட்டைத் தேடினேன், கடவுச்சீட்டைத் தொலைத்தேன், அது சட்டைப்பையில் இருந்தது. வடமதுரையிலிருக்கும் சித்தப்பா மகனை பைக்கில் விரட்டினேன். அவன் ஹெல்மெட்டோடு வாசலில் தெரிந்ததும், பழக்கதோஷத்தில் அவனையும் “யாரது?” என்று அதட்டினேன்.

அம்மா நூர்ஜகான் அக்கா வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி போனை அவரிடம் கொடுத்தான்.

“பயந்துட்டேம்மா. வாசல்ல ஒரு ஆளும் வரலையே?”

“நீதான் அங்கனயே உக்காந்திருக்கியே, எவ வருவா? நைட்டிக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு வாறவளுக. ஆம்பளப் புள்ள பாத்துக்கிட்டு இருக்கான்னு ஒருத்தியும் எட்டிப் பாக்குறதில்ல. அதான் நான் பின்வாசப் படியெறங்கி இங்கன வந்துர்றேன்.”

“முட்டி வலியோடயா?”

“வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக, பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம கெடக்கவா?”

அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாட்டியதுதான் அது. இருந்த துணையையெல்லாம் நானே வாசலில் நின்று விரட்டியிருக்கிறேன். கழற்றிவிடச் சொல்கிறேன் என்றேன்.

“வேணாம் அப்பு. இத மாட்டுனதுல இருந்து நீ போன் போடுறதையும் கொறச்சுட்ட. இதையும் கழட்டிட்டா, அப்புறம் என்னய எதுல பாப்ப?”

என்னிடம் பகடிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அன்று அதை விட்டுவிட்டு, கழற்ற வேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் சொன்னேன்.

இப்போது அம்மா அதன் மேல் ஒரு துண்டைத் தொங்கவிடுகிறார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் பார்ப்பது சிவப்புக் கட்டம் போட்ட அந்தத் துண்டைத்தான். அதற்குப் பின்னால் “டீச்சரக்கா!” என்ற குரல், பாத்திரம் வைக்கும் சத்தம், நூர்ஜகான் அக்காவின் பெரிய சிரிப்பு. எதற்கென்று தெரியாமலே நானும் சிரிக்கிறேன். பேசும் பொத்தானின் பக்கம் விரல் போவதில்லை. “போறேன்க்கா” என்று கேட்டதும் துண்டு விலகுகிறது. தலை வாரிய அம்மா, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, “சாப்டியா?” என்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், காலிப் பாத்திரத்தோடு நூர்ஜகான் அக்கா தெருவில் இறங்கித் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.