ஊர் சுற்றி வந்த இன்சுலின்

இன்று மயிலாப்பூரில், வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் அப்பாவுக்கு இன்சுலின் வாங்கினேன். இந்தக் கம்பெனி இப்போது பெட்டியிலேயே ஒரு சிப் ஒட்டி அனுப்புகிறது. போனை மேலே வைத்தால், தொழிற்சாலையிலிருந்து இன்றுவரை அந்தப் பெட்டி பட்ட சூடெல்லாம் தெரியும்: குளிர்ச்சியாக இருந்த நாள் பச்சை, சூடு பட்ட நாள் சிவப்பு.

வைத்தேன். கடைக்கு வந்துசேரும்வரை பச்சை. போன வாரம் இரண்டு நாள் முழுச் சிவப்பு. பிறகு மறுபடி பச்சை.

"கரண்ட் போய்ப் போய் வந்துக்கினு இருந்துச்சு சார்" என்றார் கடைக்காரர்.

"அப்போ பக்கத்துல இருந்த பெட்டியும் சிவப்பாத்தானே காட்டணும்? எடுங்க."

எடுத்தார். முழுக்கப் பச்சை.

அவருக்கு வேர்த்துவிட்டது. "பழகின கஸ்டமர் சார், வீட்டுக்கு வாங்கினு போய் ரெண்டு நாள் கழிச்சு வேணாம்னு திருப்பிக் குடுத்தாங்க. முடியாதுன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாங்க. ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்தாந்தாங்க போல, தொட்டா சில்லுனுதான் கீதுன்னு வாங்கி உள்ள வச்சுட்டேன்."

"அதை எங்கப்பாவுக்குப் போடணுமா?" கத்திவிட்டேன்.

எனக்குப் பின்னால் ஓர் அம்மா, திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த இன்சுலின் பெட்டியைச் சத்தமில்லாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

உங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது எத்தனை வீடு பார்த்துவிட்டு வந்ததோ? போனை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.