கோலப்புள்ளி வரிசையில் ஒரு காடு

எங்கள் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரைக் காடு பெருகிவிட்டதாம். தேனி அலுவலகத்தில் என் கம்ப்யூட்டர்தான் அப்படிச் சொன்னது. கம்பத்திலிருந்து வீரபாண்டி வரை முல்லைப் பெரியாற்றின் இரு கரையையும் பச்சையாக அடித்துக் காட்டியது. வாரம் தவறாமல் பஸ்ஸில் அந்த வழியே போகிறவள் நான். எங்கே இருக்கிறது காடு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, கரையோரக் காடு எவ்வளவு போயிற்று என்று சொல்வது என் வேலை. அந்த முறை என் அறிக்கையில் மரங்களின் உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் மிஞ்சி நின்ற மருதமரக் கூட்டத்தை வெட்டி, கரையில் கல் பதித்து நடைபாதை போட ஒரு ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. காடு குறைந்திருக்கிறது என்று என் அறிக்கை சொன்னால் அந்த மரங்கள் தப்பும். பெருகியிருக்கிறது என்றால் ரம்பம் வந்துவிடும்.

"தென்னந்தோப்பையெல்லாம் காடுன்னு காட்டுது சார்" என்றேன் மேலதிகாரியிடம்.

"பச்சைதானேம்மா? அனுப்பி விடுங்க" என்றார், தலையைத் தூக்காமல்.

கரையை வேரால் பிடித்து நிற்கும் மருதமும், மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் தென்னையும் இவருக்கு ஒன்று! பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினேன்.

எது காடு என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. முதலில் நாம் சில இடங்களைச் சுட்டி, இதுதான் காடு என்று கற்றுத்தர வேண்டும். நான் சுட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் மரங்கள் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக நின்றன. நடுவில் மோட்டார் ரூமின் தகரக்கூரை. எங்கள் தோப்பு.

ஆற்றங்கரை நிழல் என்றால் பிறந்ததிலிருந்து எனக்கு அந்த இடம்தான். யோசிக்காமல் கை அங்கே போயிருக்கிறது. நான் தொட்டிலில் கிடந்த காலத்துப் படத்தைத் திறந்தேன். அதே இடத்தில் அடர்ந்த காடு. நான் நடக்கப் பழகிய காலத்துப் படத்தில் மொட்டைத் தரை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரைத் திட்டியிருக்கிறேன். அந்த வேலி நானேதான்.

எல்லாவற்றையும் திருத்தினேன். காடு போன இடமெல்லாம் சிவப்பு, எங்கள் தோப்பிலிருந்து தொடங்கி. மேலதிகாரி இப்போது தலையைத் தூக்கினார். "உங்க தோப்பு ஆத்துப் புறம்போக்குல வருதும்மா. ஆக்கிரமிப்புப் பட்டியல்ல ஏறிடும், பாத்துக்கங்க."

"ஏறட்டும் சார்" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஊருக்குப் போனபோது அப்பா தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கன முந்தி என்னப்பா இருந்துச்சு?"

"மருதமும் நாவலுமா மண்டிக் கெடந்துச்சு. வெட்டிட்டுத் தென்னை வச்சோம். ஊருல எல்லாரும் வச்சாக" என்றார், நேற்றுச் சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல. செல்போனில் படத்தைக் காட்டி, செய்துவிட்டு வந்ததைச் சொன்னேன். அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒன்னையக் காலேசுக்கு அனுப்புனது இந்தத் தேங்காதான், ஆத்தா."

"தெரியும்ப்பா" என்றேன். குனிந்து நானும் மட்டை பொறுக்கத் தொடங்கினேன்.

நடைபாதை ஃபைல் திரும்பிப் போயிற்று. மார்க்கையன்கோட்டை மருதமரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் பள்ளத்தாக்கு நெடுக நான் அடித்த சிவப்பில் நோட்டீஸ் வந்தது ஒரே ஒரு தோப்புக்கு. ஆற்றை வளைத்துப் போட்ட பெரிய கைகளின் தோப்புகளில் தேங்காய் வெட்டு நிற்கவே இல்லை.

அப்பா கையெழுத்துப் போட்டு நோட்டீஸை வாங்கினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"மத்தவுக தோப்பெல்லாம் அந்தப் படத்துல தெரியலையா, ஆத்தா?"

"தெரியுதுப்பா. எல்லாமே தெரியுது."