மூன்று விரலில் பேஸ் கிட்டார்

எங்கள் மெல்லிசைக் குழுவில் எடை அதிகமான சாமான் என்னுடைய ஸ்பீக்கர் பெட்டிதான். பேஸ் கிட்டாரின் அடிக்குரல் ஒழுங்காக வெளியே வரவேண்டுமென்றால் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். பெரிய ஸ்பீக்கருக்குத் தடித்த பலகையில் பெட்டி வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த பெட்டி அது. ஒற்றை ஆளால் தூக்க முடியாது. நானும், தம்பி என்று நான் கூப்பிடுகிற டிரம்ஸ்காரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றுவோம். பாடுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து வருஷம் அப்படியே ஏற்றி இறக்கினோம். ஆறாவது வருஷம் ஒரு ஐப்பசி மாதம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மத்தியானச் சாப்பாட்டோடு கச்சேரி முடிந்துவிட்டது. வெளியே நல்ல மழை. பெட்டியை வேன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம். மேலே தூக்கும்போது அவன் கை வழுக்கியது. பெட்டியின் அடிப்பக்கத்துக்கும் வேனின் இரும்பு விளிம்புக்கும் நடுவே என் இடது கை மோதிர விரல் சிக்கிக்கொண்டது. முதலில் வலியே தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் விரலைத் திறந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். விரலைக் காப்பாற்றியாயிற்று, ஆனால் கடைசிக் கணு இனி மடங்காது, நுனியில் உணர்ச்சி வருவதும் சந்தேகம்தான் என்றார் டாக்டர். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அப்படியானால் கவலையில்லை, எழுதுவது வலது கையால்தானே என்று டாக்டர் சிரித்தார். பேஸ் வாசிப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

பேஸ் நான் ஆசைப்பட்டு எடுத்ததல்ல. கல்லூரி முடித்த வருஷம் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்க நாலு பேர் இருந்தார்கள். மூலையில் ஒரு பேஸ் சும்மா சாத்திக் கிடந்தது. வேண்டுமானால் அதை எடுத்துக்கொள் என்றார்கள். எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம். ஒரு தடவை பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் வாசித்ததைப் பார்த்துவிட்டு, ஆறு கம்பியில் ரெண்டு அறுந்துபோயிற்றா என்று பக்கத்து வகுப்பு டீச்சர் அக்கறையாக விசாரித்தார். நாலு கம்பிதான் என்று விளக்கினேன். பாட்டில் எது உங்கள் சத்தம் என்று அடுத்துக் கேட்டார். அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். பேஸ் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்துவிடும். கேட்கிறவர் காலால் தாளம் போடுவார். எதற்குப் போடுகிறோம் என்று அவருக்கே தெரியாது.

அதில் பாதி வேலை டிரம்ஸ்காரருடையது. அவர் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மும் என் கம்பியும் ஒரே நேரத்தில் விழவேண்டும். ஒரு இமைப்பொழுது தள்ளி விழுந்தாலும் பாட்டு நொண்டும். தம்பியும் நானும் அதற்காகப் பேசிக்கொண்டதே கிடையாது. அவன் குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன், என்னைவிட ஐந்து வயது இளையவன், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். மேடையில் எனக்கு வலது பக்கம் உட்காருவான். அவன் தோள் அசைவதைப் பார்த்தாலே அடுத்த அடி எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தம்பி என்னை வந்து பார்க்கவே இல்லை.

குழுவில் எல்லோரும் வந்தார்கள். கீபோர்டு வாசிக்கிற அண்ணாச்சிதான் குழுவை நடத்துகிறவர், அவர் மூன்று தடவை வந்தார். பாடுகிற பெண்கள் ஆப்பிளும் ரொட்டியுமாக வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். இவன் மட்டும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. கை வழுக்கியதற்கு இல்லை, அது யாருக்கும் வழுக்கும். ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனுக்கு ஒரு எட்டு வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தெரியவில்லையே என்றுதான்.

ஐந்தாவது வாரம் ராதாபுரத்தில் ஒரு கோயில் விழாவுக்குக் குழு போயிற்று. நானும் வீட்டுக்காரரோடு போய் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் கட்டு இருந்தது. என் பகுதியை அண்ணாச்சி இடது கையால் கீபோர்டிலேயே வாசித்தார். தப்பில்லாமல்தான் வாசித்தார். ஆனால் தம்பியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் அவன் இடது பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. உடனே தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது பாட்டில் அவனுடைய அடி அரை மாத்திரை முன்னால் ஓடிவிட்டது. அவன் அப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. விழா முடிந்ததும் தேடினேன். டிரம்ஸைக்கூடக் கழற்றி வைக்காமல் பின்பக்கமாகப் போய்விட்டிருந்தான்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேஸை மடியில் வைத்தேன். பேஸில் கம்பியை அழுத்தமாகப் பிடித்தால்தான் சுரம் வரும், அடுத்த சுரத்துக்குப் போகும்போது பழையதை உடனே அடக்கவும் வேண்டும். மோதிர விரல் இரண்டுக்கும் உதவவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அது எந்தக் கம்பியில் படுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு சுரம் வாசித்தால் கூடவே இரண்டு கம்பி உறுமியது. அரைமணி நேரத்தில் கை வீங்கிவிட்டது. பேஸை உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் இதை விற்றுவிடலாம் என்றேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்த பிறகு சொன்னார்.

"விக்கணும்னா வித்துருவோம். ஆனா அதுக்கு முன்னால அவனைப் போய்ப் பாத்துட்டு வா. அவனைப் பாக்காம நீ எடுக்கது சரியான முடிவா இருக்காது."

அடுத்த சனிக்கிழமை காலையில் பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு, பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கே இறங்கி இன்னொரு பஸ். அவன் வேலை பார்க்கிற கொட்டகை கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். சுத்தமான பிறகும் துடைத்தான். என் கையை மட்டும் பார்க்கவில்லை.

நான் கையை அவன் முன்னால் நீட்டினேன்.

"நல்லாப் பாத்துக்கோ. இவ்வளவுதான். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நாலு தடவ ஆசுத்திரி வாசல் வரைக்கும் வந்தேங்க்கா," என்றான். "உள்ள வரதுக்குக் கால் வரல. நான்லா கைய விட்டேன்."

"மழையில வழுக்கிச்சு. அது ஒன் தப்பு இல்ல. வராம இருந்த பாரு, அதுதான் தப்பு."

ஆமாம் என்று தலையாட்டினான். சமாதானம் சொல்ல முயலவில்லை. அதிலேயே என் கோபத்தில் பாதி போய்விட்டது. பிறகு என் முதுகைப் பார்த்து, பேஸை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டான். விற்கப்போகிறேன், அதற்கு முன்னால் ஒரு தடவை உன்னோடு வாசிக்கவேண்டும் என்றேன். அவன் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். இன்னொரு கூடையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டான். நான் ஆம்ப்பை ஐஸ் பெட்டி மேல் வைத்தேன். அவன் உள்ளங்கையால் கூடையில் தாளம் எடுத்தான். நான் சேர்ந்துகொண்டேன்.

மோசமாக இருந்தது. ஒரு சுரம் முடியுமுன்னே இன்னொன்று கத்தியது. நான் நிறுத்தப் போனேன். அவன் முதலில் நிறுத்தினான்.

"விரல விடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். கம்பிதான் அடங்க மாட்டேங்கு," என்றான். "என் பெரிய டிரம்முக்குள்ள நான் போர்வை வைக்கல்லியா? வைக்காட்டா அதும் இப்படித்தான் ஊரெல்லாம் கத்தும்."

எழுந்து போய் மூலையில் கிடந்த ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டை எடுத்துவந்தான். கத்தியால் அதைக் கிழித்து உள்ளே இருந்த ஃபோமில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு அறுத்தான். கம்பிகள் பேஸின் அடிப்பக்கம் போய் முடிகிற இடத்தில், கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே அதைப் பைய நுழைத்தான். ஒரு தடவை கழற்றி, ஓரம் சீவி, மறுபடியும் நுழைத்தான். இப்ப வாசியுங்க என்றான்.

அடிக்கம்பியைத் தட்டினேன். தும் என்று ஒரு சத்தம். வட்டமாக, கனமாக வந்து, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இழுபடவில்லை, பக்கத்துக் கம்பி உறுமவில்லை. கம்பியை அடக்குகிற வேலையை அந்தத் துண்டு எடுத்துக்கொண்டது. எனக்கு அழுத்துகிற வேலை மட்டும்தான் மிச்சம். அதற்கு மூன்று விரல் இருந்தன. பதினைந்து வருஷமாக நல்ல ஆம்ப், விலை கூடின கம்பி என்று தேடி அலைந்தேன். அப்படி ஒரு தொனி எனக்குக் கிடைத்ததில்லை. நான் திரும்பத் திரும்ப அதையே தட்டிக்கொண்டிருந்தேன். அவன் கூடையில் கை வைத்தான். அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்த ஒரு பாட்டை மட்டும் வாசித்தோம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்தேன். சுட்டு விரல், நடு விரல், சுண்டு விரல். மோதிர விரல் செய்த வேலையைச் சுண்டு விரல் செய்யவேண்டும். இத்தனை வருஷம் செல்லமாக வளர்ந்த விரல் அது. இரண்டு மாதம் இரவும் பகலும் வலித்தது. கரும்பலகையில் எழுதும்போதும் இடது கைச் சுண்டு விரலைப் பலகையின் சட்டத்தில் அழுத்திப் பழகிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சில ஓட்டங்கள் எத்தனை சனிக்கிழமை முயன்றும் வரவில்லை. ஒரு பாட்டில் சரணத்துக்கு முன்னால் எட்டுச் சுரம் வேகமாக இறங்கும், நான் பெருமையாக வாசிக்கிற இடம். அதை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து நின்றேன். முதல் தடவை விட்டபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சித்திரையில் கடற்கரை ஊர் ஒன்றில் கோயில் திருவிழா. சாயங்காலக் கச்சேரிக்கு நானும் வருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். நல்லாப் பாத்துக்கோம்மா, முடியலன்னா நான் இடது கையில சமாளிச்சுக்கிடுதேன் என்றார். முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவது பாட்டில் மோதிர விரல் எனக்குத் தெரியாமலேயே ஒரு கம்பியைத் தொட்டுவிட்டது. சுரம் செத்துப்போயிற்று. எங்கே இருக்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. வலது பக்கம் பார்த்தேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டு, தோளை ஏற்றினான். அந்தத் தோள் இறங்குகிற இடத்தில் நானும் இறங்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அதற்குப் பிறகு நான் கையைப் பார்க்கவே இல்லை.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுற்றும்போது அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். பாராட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"இம்புட்டு நாளும் நீ நெறைய வாசிச்சிட்டு இருந்தம்மா," என்றார். "இன்னைக்குத்தான் பாட்டு வெளிய கேட்டுச்சு."

சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் கையிலிருந்த ஒயரையே சுற்றிக்கொண்டிருந்தேன். தம்பி பின்னால் திரும்பிக்கொண்டு சிரித்தான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

விரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் குத்தும். அதைப் பற்றி வேறு புகார் இல்லை. போன மாதம் நாகர்கோவிலில் இருந்து ஒரு குழுக்காரர் போன் செய்தார். திருவிழாவில் எங்கள் வாசிப்பைக் கேட்டிருக்கிறார். பேஸும் டிரம்ஸும் தனித்தனியாக வேண்டாம், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வரணும் என்றார். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை, நம்ம தேதி இல்லாத நாளாப் பாத்துப் போங்க என்றார்.

நேற்று காலை அந்தக் குழுவின் ஒத்திகைக்கு முதல் தடவையாகப் போனோம். தம்பி திருச்செந்தூர் வழியாக எங்கள் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டான், இரண்டு பேரும் ஒன்றாக நாகர்கோவில் பஸ் ஏறினோம். இரண்டு மணி நேரப் பயணம். புதுக் குழுவின் பாட்டுப் பட்டியல் அவன் போனில் இருந்தது. நாங்குநேரி தாண்டுவதற்குள் நாலு பாட்டுக்கு எங்கே நான் வாசிக்காமல் இருப்பது, எங்கே நுழைவது என்று முடிவு செய்துவிட்டோம். ஐந்தாவது பாட்டில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவன் வேகமாக வேண்டும் என்றான், நான் நிதானமாக வேண்டும் என்றேன். அவன் முன்சீட்டின் கம்பியில் தட்டிக் காட்டினான். நானும் அதே கம்பியில் தட்டிக் காட்டினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பி, நிதானமாத் தட்டுனதுதான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.