ஓட்டை போடாத கார்

போன வாரம் மகள் வீட்டுக் குளியலறைக்கு ஃபைபர் கதவு மாட்ட ஒருவர் வந்தார். கதவு அரை விரல் பெரிசு. வாசலில் வைத்து அறுத்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் போன பிறகு முழங்கைக்குக் கீழே அரிக்க ஆரம்பித்தது. மகள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது.

"ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள்.

தெரியும் என்றேன். அவளுக்கு அவ்வளவு போதும். உங்களிடம் மீதியைச் சொல்கிறேன்.

எனக்கு அந்தக் காலத்தில் தகரம்தான் தெரியும். சிந்துபூந்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. கார்களுக்கு ஒடுக்கு எடுப்பேன். தகரம் சொன்னபடி கேட்கும். அடித்தால் வளையும், சுட்டால் ஒட்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்தப் படிப்பு போதுமாக இருந்தது. ஃபைபர் அப்படி இல்லை. ஓங்கி ஒரு அடி வைத்தால் வெடிப்பு விடும். முதல் நாளே அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதைக் கொண்டுவந்தவர் சார்வாள். பாளையங்கோட்டையில் டிராயிங் மாஸ்டர். வயலும் வரப்புமாக இருந்த சைவக் குடும்பம். அவர் காலத்துக்குச் சம்பளம்தான் மிச்சம். லாரியில் ஒரு மஞ்சள் கார் வந்து இறங்கியது. கார் என்று சொல்ல முடியாது, காரின் மேல்கூடு. இரண்டே பேர் உட்காரலாம். கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். எஞ்சினை மூடும் மூக்கு தனித் துண்டு. பம்பாயில் ஒருவர் செய்யத் தொடங்கி விட்டுவிட்டாராம். கோயம்புத்தூரில் ஒருவர் வாங்கி அவரும் விட்டுவிட்டாராம். இந்த மாதிரி வண்டிகளை ஆரம்பித்தவர்களைப் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறேன். முடித்தவரைப் பார்த்ததில்லை.

ஒரு பழைய ஹெரால்டு காரின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், எஞ்சின் மீது இந்தக் கூட்டை உட்கார வைக்க வேண்டும். அதுதான் வேலை. வண்டி முடிந்தால் எப்படி இருக்கும் என்று சார்வாள் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் வரைந்து காட்டினார். கை எடுக்காமல் ஒரே இழுப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பாகங்கள் கிடைக்காமல் இரண்டு வருடம் போனது. பிறகு ஒருநாள் அதே சுவரில் ஸ்டியரிங் வரும் இடத்தைக் குறிக்கப் போனார். கோடு நடுங்கியது.

"பாத்தியாலே, புழு ஊருத மாதிரி இருக்கு," என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "நரம்புக் கோளாறாம். கூடத்தான் செய்யுமாம், கொறையாதாம். இந்தக் கை ஸ்டியரிங்கப் பிடிக்குத வரைக்கும்தான் எனக்கு நேரம். ஒரே ஒரு தடவ மணிமுத்தாறு அணை வரைக்கும் ஓட்டிட்டுப் போவணும். பக்கத்துல எம் வீட்டுக்காரி இருக்கணும். பொறவு வண்டிய நீயே வச்சுக்கோ."

அன்றிலிருந்து மற்ற வேலைகளை ஓரம் தள்ளினேன்.

கூட்டின் தரை இரண்டாகப் பிளந்திருந்தது. அதை ஒட்ட எனக்குத் தெரியாது. உவரிக் கடற்கரையில் மீன்பிடிக்க ஃபைபர் வள்ளம் செய்கிற அந்தோணி அண்ணாச்சியைச் சார்வாள் வரவழைத்தார். ஃபைபர் ஒட்டுகிற பிசின் டப்பாவோடு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நாற்றம் தாங்காமல் நாங்குநேரியில் இறக்கிவிட்டார்களாம். அடுத்த பஸ்ஸில் வந்தார். அந்தப் பிசின் நாற்றம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சோற்றிலும் அதுதான் வரும்.

அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இதுல அணியம் எது வே?" வள்ளத்தின் முன்பக்கத்துக்கு அவர்கள் பேர் அது.

"வெளிச்சத்தப் பாத்து நிக்கிற பக்கம்," என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு! அதான் ஆரம்பிச்சவன்லாம் எந்தப் பக்கம் போவன்னு தெரியாம விட்டுட்டான்."

தரையை ஒரே பாளமாகப் போட்டார். கண்ணாடி இழை, பிசின், மறுபடி இழை. தேய்த்த தூசியில் எனக்குக் கை அரித்தபோது, எண்ணெய் போடாதே, பச்சைத் தண்ணீர் விடு என்றார். காய்ந்ததும் உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுநாள் வரைக்கும் விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை.

"கடல்ல தள்ளுனாலும் மெதக்கும் சார்வாள்."

"காருக்கு அது எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"ஏலே, மழ பேய்ஞ்சா உள்ள தண்ணி வராதுல்லா?"

"மேலதான் தொறந்து கெடக்கே!"

சார்வாள் அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

எஞ்சின் ஓடியது. பிரேக் பிடித்தது. கூட்டைத் தூக்கி சேஸிஸ் மேல் வைத்தாயிற்று. தரையில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்க வேண்டும், ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் வழி வெட்ட வேண்டும். டிரில்லைக் கையில் எடுத்துவிட்டேன்.

"பைய, பைய," என்றார் சார்வாள். "கார்த்திகை மொதச் சோமவாரம் போடுவோம்லே. வீட்டுல அவ வெரதம் இருக்கா. அன்னைக்கு ஆரம்பிச்சா தடங்காதுங்கா. ரெண்டு பேருகிட்டத் தடங்குன வண்டில்லா?"

கார்த்திகை பிறக்கச் சில நாள்தான் இருந்தது. டிரில்லைக் கீழே வைத்தேன்.

அந்த ஐப்பசியில்தான் வெள்ளம் வந்தது. தொண்ணூற்றிரண்டு வெள்ளம் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். நான் டூல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தேன். கொட்டகையின் தட்டி சாய்ந்தது. மஞ்சள் கூடு பைய வெளியே வந்தது. ஒரு சுற்று சுற்றி நின்று, அணியத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு போனது.

"எலே, கார் போவுது! கார் போவுது!" என்று யாரோ கத்தினார்கள். மனுசர்களையே கொண்டுபோன வெள்ளம். ஒரு காருக்காக அழ வெட்கமாக இருந்தது.

ஓட்டை போட்டு முடுக்கியிருந்தால் உள்ளே தண்ணீர் ஏறி, சேஸிஸோடு சேற்றில் நின்றிருக்கும். கழுவி எடுத்திருக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் சார்வாள் வந்தார். எஞ்சின் சேற்றுக்குள் இருந்தது. பக்கத்தில் வண்டியின் மூக்கு மட்டும் கிடந்தது. சுவரில் அவர் வரைந்த கார் போய்விட்டது. அந்த இடத்தில் வெள்ளம் நின்ற கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார், ஆறு போகிற வழியில் ஏரலில் வாழைத் தோட்டத்துக்குள் மஞ்சளாக ஒரு போட் கிடக்கிறது என்று. நானும் சார்வாளும் போனோம். தோட்டக்காரர் அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க போட்டா ஐயா? சக்கரத்துக்கு வளைவு வச்ச போட்ட இப்பத்தான் பாக்கேன்."

தண்ணீரை இறைத்து ஊற்றினேன். சார்வாளுக்குக் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. நான் தூக்கி விட்டேன். உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். பிடிக்க ஒன்றும் இல்லை. கைகள் ஆடின. மடியில் வைத்துக்கொண்டார்.

"இத லாரில ஏத்தி, எஞ்சினக் கழுவி… எம்புட்டு நாளாவும்லே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு வருசம் ஆவும் சார்வாள்."

கையைப் பார்த்தார். "இது தாங்காதுலே." மாட்டைப் பார்த்து, "எறக்கி விடு. இங்கனயே கெடக்கட்டும். மாடாவது தண்ணி குடிக்கட்டும்."

அடுத்த கார்த்திகையில் அவரால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. பிறகு கரண்டியும் முடியவில்லை. அவர் மனைவிதான் ஊட்டினார்கள். பிறகு ஊட்டவும் ஆள் தேவைப்படவில்லை.

அண்ணாச்சி கொச்சிப் பக்கம் வேலைக்குப் போனார் என்று கேள்வி. திரும்பியதாகத் தெரியவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஏரல் வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். மஞ்சள் வெளுத்து, தண்ணீர் நிறைந்து கிடக்கும். கசியவே இல்லை. கடைசியாகப் போனபோது வாழையும் இல்லை, அதுவும் இல்லை. விசாரித்தேன். அப்படி ஒன்று கிடந்ததே யாருக்கும் தெரியவில்லை.

கதவு மாட்டின அன்றைக்கு ராத்திரி வரைக்கும் கை அரித்தது. கொட்டகையில் அரித்த அதே அரிப்பு. கழுவ மனசு வரவில்லை, அப்படியே படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்து தடவிப் பார்த்தேன். அரிப்பு நின்றிருந்தது.