காப்புக் கட்டிய கையோடு அக்கரைக்கு வராத அப்பா

அப்பாவின் தலைத்திவசத்துக்கு வந்திருந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்காக என் மகன் இதையே பர்மியத்தில் எழுதிப் பின்பக்கங்களில் சேர்த்திருக்கிறான். இரண்டிலும் இருப்பது ஒரே விஷயம்தான்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பா உழைப்பாளி, சாந்தமானவர், அம்மன் பக்தர் என்று எழுதினால் போதும், குடித்த கதையெல்லாம் எதற்கு, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது சித்தப்பா? அதுவும் அப்பா தாமே வெள்ளிக்கிழமைதோறும் கோயில் பாயில் உட்கார்ந்து, "நான் குடிகாரன், இந்த வாரம் குடிக்கவில்லை" என்று இருபது வருஷத்துக்கு மேல் சொன்னவர். அவர் சொன்னதை நான் மறைத்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எனவே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ரங்கூன் அலோனில், துறைமுகத் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். தாத்தா செய்த வேலையையே அப்பாவும் செய்தார். கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கும்போது கயிறு சுற்றிக் கொக்கி மாட்டிவிடும் வேலை. உயரமானவர், பேச்சு குறைவு. யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்கக் கூச்சப்படுவார். கடையில் மீதிச் சில்லறை வராவிட்டால்கூடக் கேட்காமல் வந்துவிடுவார் என்று அம்மா திட்டுவாராம். அந்தக் கூச்சம் எங்கள் இருவருக்கும் பெரிய நஷ்டமாக முடிந்தது.

எனக்கு ஏழு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா குடிக்கத் தொடங்கினார். முதலில் வேலை முடிந்தபின், பிறகு வேலைக்கு முன். என்னை ஒருநாளும் அடித்ததில்லை, ஏசியதில்லை. மறந்துவிடுவார், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் டீக்கடையில் என்னை உட்காரவைத்து, ஒரு கிண்ணம் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய சேமியா, வாங்கிக் கொடுத்து, இதோ வருகிறேன் என்று போனார். பொழுது சாயும்வரை வரவில்லை. கடைக்காரர் என்னை வார்டு அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்த அதிகாரி கோயில்காரர்களைக் கூப்பிட்டனுப்பி, உங்கள் ஆள், உங்கள் பிள்ளை, நீங்கள் ஒரு வழி பண்ணுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை அநாதை இல்லத்தில் சேர்த்துவிடுவோம் என்றாராம்.

எங்கள் கோயிலில் அப்போதுதான் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. பழைய பஞ்சாயத்து என்றால் குடித்தவனை நிறுத்திவைத்து அவமானப்படுத்துவதுதான் வழக்கம். அதனால் யாரும் திருந்தியதில்லை. வேறு பேட்டையில் போய்க் குடித்தார்கள். அதை மாற்றியவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். நர்ஸம்மாவைப் பர்மியத்தில் கூப்பிடுவதுபோல, சாயாமா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவரும் கோயில் தலைவரும் இன்னும் மூன்று பேரும் உட்காருவார்கள். தாயோ தகப்பனோ, போதையில் விழுந்து பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனவர்கள் அவர்கள் முன்னால் வரவேண்டும். பிள்ளை சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இருக்கும். சாயாமா அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மருந்துக்கு வழி செய்வார். தீமிதிக்குக் கட்டுவதுபோல அம்மன் சன்னதியில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். தவறிவிட்டால் தாமே வந்து சொல்ல வேண்டும். காப்பை அவிழ்த்து, அடுத்த வெள்ளி புதிதாகக் கட்டி, நாட்களை முதலிலிருந்து எண்ணுவார்கள். தவறாமல் மூன்று மாதம் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம். ஒரு வருஷம் போனால், பிள்ளைக்கும் சம்மதம் என்றால், பிள்ளை வீட்டுக்கு வரும்.

என்னை டலாவில் இருந்த அத்தை வீட்டில் விட்டார்கள். அப்பாவின் அக்கா. ரங்கூன் ஆற்றைப் படகில் கடந்தால் அக்கரை. பத்து நிமிஷம்கூட ஆகாது. அத்தையின் கணவர் பர்மியர். அத்தையும் பகோடாவுக்குப் போய்க்கொண்டு, பர்மியத்திலேயே பேசிக்கொண்டு இருந்தவர். என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்.

அப்பா இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் தாமே போய்ச் சொன்னார். மூன்றாம் காப்பு நின்றது. மூன்று மாதம் முடிந்ததும் அத்தைக்குச் செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். அத்தை எனக்குத் தலை வாரி, கன்னத்தில் தனக்கா அரைத்துப் பூசி, படகுத்துறைக்கு அழைத்துப்போனார். படகு வந்தது. அப்பா வரவில்லை. படகில் காடை முட்டை விற்கும் மா திடா என்கிற பெண் ஒரு பொட்டலத்தை நீட்டி, உன் அப்பா கொடுக்கச் சொன்னார் என்றாள். பபேடான் கடைத்தெருவில் வாங்கிய பலாத்தா ரொட்டி, சர்க்கரை தூவியது, ஆறிப்போய் இருந்தது.

அடுத்த ஞாயிறும் பொட்டலம்தான். அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்பது மாதம், ஒரு ஞாயிறு தவறாமல் பலாத்தா வந்தது, அப்பா வரவில்லை. துறைவரைக்கும் வரத் தெரிந்தவருக்குப் படகில் ஏறத் தெரியாதா? தம்பிக்குப் பிள்ளை பாரமாகிவிட்டது என்று அத்தை தம் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. முதல் மாதம் பலாத்தாவைத் தின்றேன். பிறகு பக்கத்து வீட்டு வாத்துகளுக்குப் போட்டேன். வாத்துகள் நன்றாகக் கொழுத்தன. நான் படகுத்துறைக்குப் போவதை நிறுத்தினேன், பொட்டலத்தை அத்தையே வாங்கி வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

கூட்டத்தில் சாயாமா வாரம்தோறும் அப்பாவைக் கேட்பாராம், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று. நன்றாக இருக்கிறாள், பலாத்தா வாங்கிக்கொண்டாள் என்பாராம் அப்பா. அவர்களும் போய்வருகிறார் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் முடிந்த வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்கு அழைத்து வந்தார்கள். அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறி, முகம் தெளிந்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டு, எழுந்ததற்கே கூச்சப்பட்டு மறுபடி உட்கார்ந்தார். தலைவர் என்னிடம், அப்பாவோடு வீட்டுக்குப் போகிறாயா அம்மா என்று கேட்டார். போகமாட்டேன் என்றேன். ஏன் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இவர் என்னைப் பார்க்க வரவில்லை என்றேன்.

ஐந்து பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சாயாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏன் போகவில்லை, இத்தனை மாதம் எங்களை ஏமாற்றினாயா என்று கேட்டார். அப்பா தம் வலது மணிக்கட்டைக் காட்டினார்.

"காப்பு இருக்குதுங்களே, சாயாமா. காப்புக் கட்டினவன் ஆத்தைத் தாண்டலாமுங்களா?"

தீமிதிக்குக் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். பத்து நாள் காப்பு அது. அதையே ஒரு வருஷத்துக்குக் கட்டியபோது எல்லையைப் பற்றி அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அப்பாவுக்கு வந்தது. காப்பை அவிழ்த்துவிட்டு வந்தால் நாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும், நான் திரும்பி வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். கட்டிக்கொண்டே வந்தால் சாமிக் குற்றம், அது பிள்ளை மேல் விழும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தைக்குத் தெரியும்தானே என்று நினைத்திருக்கிறார். முப்பது வருஷமாகப் பகோடாவுக்குப் போகிற அத்தைக்கு அது எப்போதோ மறந்துபோயிற்று. சாயாமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தப்பு எங்களுடையது, இந்தக் காப்பு ஆற்றைத் தாண்டலாம் என்று தலைவர் அங்கேயே சன்னதியில் சொன்னார்.

பிறகு என்னிடம் மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் போகமாட்டேன் என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பிள்ளைக்குச் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி. என்ன செய்வது என்று அப்பாவைப் பார்த்தார்கள்.

"அவளுக்கு எப்ப தோணுதோ அப்ப வரட்டும். நான் போய்ப் பார்த்துக்கிறேன்" என்றார் அப்பா.

அந்த ஞாயிறே படகேறி வந்தார். அதன்பின் மூன்று மாதம் ஒரு வாரம் விடவில்லை. அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து, நான் பேசாவிட்டாலும் இருந்துவிட்டுப் போவார். பலாத்தா சூடாக வந்தது. பதினான்காம் ஞாயிறு நான் என் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் படகில் ஏறினேன்.

அதன்பின் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார், பேரனைத் தோளில் சுமந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஐவரில் ஒருவராகவும் ஆனார். புதிதாக வருகிறவர்களுக்குக் காப்பைக் கட்டியதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "ஆத்தைத் தாண்டலாம், பிள்ளையைப் போய்ப் பாரு" என்பதுதான். துணைக்கு ஆள் இல்லாதவர்களோடு தாமே படகேறிப் போவார். போன வருஷம் நுரையீரலில் சளி கட்டி, ஒரு மாதம் படுத்திருந்து, ஒரு காலை வேளையில் என் கையைப் பிடித்தபடி போய்விட்டார்.

அப்பாவை நிமிர்த்திய ஐவருக்கும், அவர்களில் இன்றும் நம்மோடு இருக்கும் சாயாமாவுக்கும், என்னைப் பெற்ற பிள்ளையாக வைத்துக்கொண்ட அத்தைக்கும், ஒரு பொட்டலத்தைக்கூடத் தொலைக்காத மா திடாவுக்கும், கடைசி மாதம் அப்பாவை மாடியிலிருந்து தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், பதினாறாம் நாள் சமையலை ஏற்றுக்கொண்ட கோயில் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பாவுக்கும்தான், கோபித்துக்கொண்டாலும் அச்சுக்குக் கொடுத்தது அவரே.

அப்பா, உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கோயிலில் நீங்கள் கையைக் காட்டியதுமே நான் நம்பிவிட்டேன். நம்பிய பிறகுதான் இரண்டாம் தடவை போகமாட்டேன் என்றேன். நீங்கள் வராத ஞாயிறுகளுக்குப் பதிலாக உங்களை நடக்கவைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்தீர்கள். அந்த ஒன்பது மாதம் போனது காப்பினால். பிறகு போன மூன்று மாதம் என்னால். இப்போது எனக்கு அந்த மூன்று மாதம் வேண்டும், அப்பா.