இரண்டா மூன்றா என்று எழுதாத சீட்டு

பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருட உதவியாளர் அவள். எந்தக் குப்பி எந்த அலமாரியில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். அதே பள்ளிக்கு அவளுடைய ஓரகத்தி வேதியியல் டீச்சராக வந்து சேர்ந்தாள். அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். வீட்டில் மாமனார்கூட, "டீச்சருக்கு டீ குடுத்தியாம்மா?" என்று இவளிடமே கேட்டார்.

அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று, ஓரகத்தியிடமிருந்து சீட்டு வந்தது: "இரும்பு குளோரைடு கரைசல்." அவ்வளவுதான். அதில் இரண்டு வகை உண்டு. ஓர் இரும்புக்கு இரண்டு குளோரைடு சேர்ந்தது ஒன்று, மூன்று சேர்ந்தது இன்னொன்று. அன்றைய பாடத்துக்கு மூன்றுதான் வேண்டும் என்பது இவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கை இரண்டின் பக்கம் போயிற்று. 'படிச்சவதானே, பார்த்துக்கட்டும்.'

கதவோரம் நின்று பார்த்தாள்.

"இப்போ செம்பழுப்பா படியும் பாருங்க," என்று டீச்சர் காரக் கரைசலில் சொட்டுவிட்டாள். படிந்தது அழுக்குப் பச்சை. பிள்ளைகள் சிரித்தார்கள். இவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

டீச்சர் பழுப்புக் குப்பியைத் திருப்பி லேபிளைப் படித்தாள். முகம் சிவந்தது.

"தப்பு என்னோடது. பேரை எழுதினேன், எண்ணை எழுதல. தண்ணில இருக்கிற மாதிரி இதுல தனித்தனி மூலக்கூறு கிடையாது. உப்புக் கட்டி முழுக்க அயனிங்க வரிசை வரிசையா அடுக்கி இருக்கும். அதனால எதுக்கு எத்தனைங்கிற சின்ன விகிதத்தைத்தான் எழுதுறோம். இரும்போட மின்சுமை கூட்டல் ரெண்டுன்னா, கழித்தல் ஒண்ணு உள்ள குளோரைடு ரெண்டு, மூணுன்னா மூணு. கூட்டல் கழித்தல் போக பூஜ்யம் நிக்கணும்."

அதிகாரி எழுந்து வந்து பாராட்டினார். குளிர்ந்த நெஞ்சு மறுபடி பற்றிக்கொண்டது. தள்ளிவிட்ட இடத்திலேயே மேடை போட்டுக்கொண்டாளே!

சாயங்காலம் குப்பிகளைக் கழுவும்போது ஓரகத்தி வந்தாள்.

"அக்கா, தெரிஞ்சேதானே குடுத்தீங்க?"

"ஆமா."

"ஏன்க்கா?"

"வீட்டுலயும் நீ, இங்கயும் நீ. எனக்குன்னு இருந்தது இந்த ஒரு ரூம்தான்."

ஓரகத்தி துணியை எடுத்துக் குப்பிகளைத் துடைத்தாள்.

"அதை வை. நீ அடுக்கினா நாளைக்கு நான்தான் தேடணும்."

நடந்ததைப் பற்றி ஓரகத்தி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டில் போட்டுக்கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு ஆறியிருக்கும். அதுதான் இவளுக்கு ஆறவே இல்லை.

அதன்பின் சீட்டுகளில் எண் தவறாமல் இருந்தது, சரியான குப்பியும் தவறாமல் போயிற்று. இருந்தும் இவள் வகுப்பு வாசலுக்குப் போய், பிள்ளைகள் காதில் விழும்படி கேட்பாள்: "ரெண்டா, மூணா டீச்சர்?"