சிவப்பு முனை

என் மேசை இழுப்பறையில் ஒரு கம்பித் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒரு முனையில் சிவப்புச் சாயம். வெல்டிங் செய்கிறவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், டங்ஸ்டன் ராட் என்று. வருஷக்கணக்காக அதைத் தூக்கிப் போடவும் மனசில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியமில்லை.

அடுகோடி என்கிற கன்னடப் பேட்டையில் சின்னப் பட்டறை என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அந்த மேடம் என்னைத் தேடி வந்தபோதே எனக்கு உள்ளுக்குள் உதறல். பேச்சு வேலூர்ப் பக்கத்துத் தமிழ் என்பதில்தான் கொஞ்சம் நிம்மதி. சுத்தத் தாமிரத்தில் ஒரு குடுவை வேண்டும் என்றார். உள்ளே வைக்கிற கருவியில், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்றாவது ஒருநாள் வந்து மோதினால், துளியளவு சிக்னல் வருமாம்.

“உடம்புக்கு ஏதாவது ஆயிடுமா மேடம்?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். “இதுக்கே பயந்தா எப்படிண்ணா? பிரபஞ்சம் பொறந்தப்போ கிளம்பின நியூட்ரினோங்கிற பொடித்துகள் இப்பவும் உங்க கட்டைவிரல் வழியா போயிட்டேதான் இருக்கு. உங்களைச் சட்டையே பண்ணாது. அதை இதுவரைக்கும் யாரும் பிடிச்சதில்ல. நான் தேடறதையும்தான்.”

பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். சிவப்பு முனை ராடில் தோரியம் கலந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சு கொஞ்சம் ஒட்டினாலும் கருவி ஏமாந்துபோகும். சாம்பல் முனை ராட் நான்கைக் காகிதத்தில் சுற்றி அவரே கொடுத்தார்.

தாமிரம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெல்டிங்கில் அது பெரிய இம்சை. நான்கு ராடும் ஒவ்வொன்றாக உருகிய தாமிரத்தில் பட்டுக் கெட்டுப்போயின. அடி மூட்டில் நாலு விரல் அகலம் பாக்கி. அப்படியே ஆறவிட்டால் விரிசல் விட்டுவிடும் என்ற பதற்றம். அவருக்குப் போன் செய்திருக்கலாம். கெடுத்துவிட்டேன் என்று சொல்லப் பயம். என் ஸ்டாண்டிலிருந்த சிவப்பு ராடை எடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

இரண்டு மாதம் கழித்து வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். “எங்கிருந்தோ தோரியம் காட்டுதுண்ணா. சிவப்பு ராட் ஏதும் பட்டுச்சா?”

“சேச்சே, இல்ல மேடம்.”

“அதானே! நீங்க பயந்தாங்கொள்ளி. வேணாம்னா தொடவே மாட்டீங்க.”

என் பயத்தை நம்பித்தான் அவர் போனார். கேபிள், திருகு, பசை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தாராம். குடுவையை மட்டும் சந்தேகப்படவில்லை. கொடுத்த அவகாசம் முடிந்ததும் மேலிடத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். வேறு ஊருக்குப் போகும்முன் என்னிடம் வந்து நன்றி சொன்னார். நானும் “பரவாயில்ல மேடம்” என்றேன். அந்தப் ‘பரவாயில்ல’ இன்னும் நெஞ்சில் அறுக்கிறது.

போன வாரம் ஒருவழியாகப் போன் செய்து சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எந்த மூட்டுண்ணா?”

“அடி மூட்டு, மேடம்.”

எழுதுகிற சத்தம் கேட்டது. “ஏழு மாசம் தேடினேண்ணா” என்றார், அவ்வளவுதான். பிறகு, “அந்த ராட் துண்டு இருக்கா? அனுப்புங்க. அளந்து பார்க்கணும்.”

இன்று இழுப்பறையைத் திறந்து துண்டை வெளியே எடுத்தேன். அவர் செய்தது போலவே காகிதத்தில் சுற்றி, கவரில் போட்டு ஒட்டினேன். அனுப்புநர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு என் பெயரை, கூட்டெழுத்தாக இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.